பெல்லட் ஸ்டவ் புகையை வெளிச்சுவர் வழியாக விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுஸ்டருக்குப் பக்கத்தில். எண்ணெய் ஹீட்டிங் உள்ள பழைய வீடு. ஒரு குளிர்காலத்து எண்ணெய் பில்லைப் பார்த்துவிட்டு மனைவியும் நானும் பெல்லட் ஸ்டவ் (மரத்தூள் குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) வாங்கினோம். அது வந்ததிலிருந்து இந்தப் பக்கம் வீடு வாங்கும் தமிழ் நண்பர்கள் எல்லாரும் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதுவும் அக்டோபர் பிறந்ததும். போனில் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். நான் கான்ட்ராக்டர் இல்லை. ஒரு தடவை தப்பாகப் போட்டு, திரும்பச் சரியாகப் போட்டவன், அவ்வளவுதான். கீழே வரும் தூரக் கணக்குகள் அமெரிக்க இன்ஸ்பெக்டர்கள் பார்க்கும் என்.எஃப்.பி.ஏ. 211 என்ற விதித்தொகுப்பையும், ஸ்டவ்வோடு வரும் கையேடுகளையும் ஒட்டியவை. உங்கள் ஸ்டவ்வின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், என் எண்ணை மறந்துவிடுங்கள்.

பெல்லட் ஸ்டவ்வுக்கு நிஜமாகவே சிம்னி வேண்டாமா?

வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பது புரியாமல் குழாய் போட்டால் ஆபத்து.

விறகு ஸ்டவ்வில் புகை மிகவும் சூடு. சூடான காற்று தானாக மேலே ஏறும், அந்த ஏற்றத்துக்காகத்தான் கூரைக்கு மேல் வரை சிம்னி. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சித் துண்டு. மேலே ஒரு தொட்டியில் கொட்டி வைத்தால், ஆகர் என்ற திருகாணி போன்ற ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தீக்கிண்ணத்தில் போடும். எரியும் இடத்துக்குக் காற்றை இழுத்து, புகையை வெளியே தள்ளுவது ஒரு மின்விசிறி. புகையின் சூடும் விறகு ஸ்டவ்வைவிடக் குறைவு. அதனால்தான் மூன்று அங்குலக் குழாயைச் சுவர் வழியாகவே விட முடிகிறது. இந்த ஏற்பாட்டை 1980களின் தொடக்கத்தில் வீடுகளுக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் ஜெர்ரி விட்ஃபீல்ட், வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த விமானப் பொறியாளர். விமானக்காரர் ஒருவர் அடுப்பு செய்தால் அதில் ஃபேன் இருக்கத்தானே செய்யும்.

ஆக, இங்கே புகை தானாகப் போவதில்லை, தள்ளப்படுகிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வீட்டுக்குள் இருப்பதைவிட அதிகம், எனவே மூட்டில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் புகை வீட்டுக்குள் வரும். விறகு ஸ்டவ்வின் குழாய் நன்றாக இழுக்கும்போது ஓட்டை இருந்தால் வீட்டுக் காற்று உள்ளே போகும். இங்கே நேர் எதிர். இரண்டு, கரண்ட் போனால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போய்ச் சேரும்.

எந்தக் குழாய் வாங்க வேண்டும்? ஹோம் டிப்போ கடையில் மலிவாகக் கிடைப்பது ஆகாதா?

பி.எல். வென்ட் என்று கேட்டு வாங்குங்கள். பெல்லட் வென்ட் என்றாலும் அதுதான். இரட்டைச் சுவர்க் குழாய்: உள்ளே துருப்பிடிக்காத எஃகு, வெளியே துத்தநாகம் பூசிய எஃகு, நடுவில் காற்று இடைவெளி. குழாயில் யு.எல். 641 என்ற முத்திரை இருக்க வேண்டும். டியூராவென்ட், செல்கர்க் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. எந்தக் கம்பெனியில் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள், ஒன்றின் எல்போவை (வளைவுத் துண்டு) இன்னொன்றின் குழாயில் சொருக வேண்டாம், பூட்டு பொருந்தாது, பொருந்துவது போல் இருந்தாலும் கசியும்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஹேண்டிமேன் ஒருவர் கேஸ் ஹீட்டருக்குப் போடும் பி வென்ட் குழாயை எடுத்து வந்து, "எல்லாம் இரட்டைச் சுவர்தானே" என்றார். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் உள்சுவர் அலுமினியம், மரப்புகையின் சூட்டுக்கும் அதிலுள்ள அமிலத்துக்கும் தாங்காது. டிரையர் குழாய், ஒற்றைத் தகரக் குழாய், பி.வி.சி. இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். குழாய்ச் செலவு ஸ்டவ் விலையோடு பார்த்தால் கணிசமாகத்தான் இருக்கும், அதில் மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

3 அங்குலமா, 4 அங்குலமா?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். புகை போகும் பாதையில் ஒவ்வொரு துண்டும் ஃபேனுக்கு எவ்வளவு பாரம் என்று அடியில் சொல்வார்கள். 90 டிகிரி எல்போ அல்லது டீ (T எழுத்து வடிவ இணைப்பு) ஒவ்வொன்றும் 5 அடி. 45 டிகிரி எல்போ 3 அடி. படுக்கையாகப் போகும் குழாய் ஒரு அடிக்கு ஒரு அடி. செங்குத்தாக ஏறும் குழாய் ஒரு அடிக்கு அரை அடிதான், ஏனென்றால் ஏற்றம் புகைக்கு உதவி செய்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இது: ஸ்டவ்வுக்குப் பின்னால் ஒரு டீ, 5. அதிலிருந்து 4 அடி ஏற்றம், 2. மேலே ஒரு எல்போ, 5. சுவரைத் தாண்டி 2 அடி, 2. மொத்தம் 14. பொதுவாக 15 வரை 3 அங்குலம் போதும், அதைத் தாண்டினால் 4. உயரமான மலைப்பகுதியில் வீடு என்றால் காற்று மெல்லியது, 15க்குக் குறைவாக இருந்தாலும் 4 போடச் சொல்வார்கள். எத்தனை அடி உயரத்திலிருந்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சந்தேகமாக இருந்தால் 4 போடுங்கள், சாம்பல் அடைக்கவும் அதிக நாள் ஆகும்.

நேராகச் சுவரில் ஓட்டை போட்டு அப்படியே வெளியே விட்டால் என்ன? கையேட்டில் அப்படித்தானே படம் இருக்கிறது?

பல கையேடுகளில் இருக்கிறது, சட்டப்படி சரியும்கூட. நாங்களும் முதலில் அப்படித்தான் போட்டோம். டீ, இரண்டு அடிக் குழாய், மூடி, முடிந்தது வேலை. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி பனிப்புயலில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஆகரும் நின்றது, ஆனால் கிண்ணத்தில் ஏற்கெனவே விழுந்திருந்த ஒரு கைப்பிடி பெல்லட் புகைந்துகொண்டே இருந்தது. தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, மேலே ஏறுவதற்கும் குழாய் இல்லை, வெளியிலிருந்து காற்று வேறு மூடியில் நேராக மோதிக்கொண்டிருந்தது. புகை வந்த வழியே திரும்பி, தொட்டி மூடி இடுக்கிலும் கதவு இடுக்கிலும் கூடத்துக்குள் வந்தது. பத்து நிமிஷத்தில் அலாரம் கத்த, பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மார்ச்சில் குழாயைப் பிரித்துத் திரும்பப் போட்டேன்.

குறைந்தது மூன்று அடி, முடிந்தால் நாலைந்து அடி ஏற்றம் கொடுங்கள். ஃபேன் நின்ற பிறகும் சூடான குழாய் தானாகக் கொஞ்சம் இழுக்கும், மிச்சப் புகை அந்த வழியே போய்விடும். நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு மாநிலங்களில் இது ஏதோ எப்போதாவது நடக்கும் சங்கதி இல்லை. 2008 டிசம்பரில் வந்த பனிக்கட்டிப் புயலில் இந்த மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போய், சில இடங்களில் திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. குளிர் அதிகமாக இருக்கிற அன்றைக்குத்தான் கரண்டும் போகும், ஸ்டவ்வும் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த ஏற்றத்தை வீட்டுக்குள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

இரண்டும் செய்யலாம். உள்ளே ஏற்றினால் குழாய் சூடாகவே இருக்கும், இழுப்பு நன்றாக இருக்கும், அந்தக் குழாயின் சூடும் கொஞ்சம் வீட்டுக்குக் கிடைக்கும், முக்கியமாக வெளியே வரும் வாய் பனிக்கு மேலே வரும். குறை என்னவென்றால் டீயைத் திறந்து சாம்பல் எடுக்கும் வேலை கூடத்தில் நடக்கும், பார்வைக்கும் ஒரு கறுப்புக் குழாய் சுவரோரம் நிற்கும். வெளியே ஏற்றினால் கூடம் சுத்தம், ஆனால் குழாய் குளிர்ந்துபோய் உள்ளே ஈரம் பிடிக்கும், கீழே இருக்கும் டீ பனியில் புதையும். என் வோட்டு உள்ளே ஏற்றுவதற்குத்தான். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி குழாயைப் பொறுத்து 1 அங்குலமோ 3 அங்குலமோ இருக்கும், குழாயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

வெளியே குழாயின் வாய் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது?

எல்லாரும் கூடத்தில் நின்றுகொண்டு, சோபா இங்கே, டி.வி. அங்கே, ஸ்டவ் இந்த மூலையில் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் வெளியே போய்ப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் அளவு டேப்போடு வெளியே போங்கள். உங்கள் வீட்டு வெளிச்சுவரில் இந்தக் குழாய்க்கு ஏற்ற இடம் இரண்டு மூன்றுதான் இருக்கும், ஸ்டவ் எங்கே என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

திறக்கக்கூடிய ஜன்னலோ கதவோ இருந்தால் குழாயின் வாய் அதற்குப் பக்கவாட்டில் 4 அடி தள்ளி இருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் 4 அடி கீழே, மேலே என்றால் 1 அடி மேலே. நிறையப் பேர் ஸ்டவ் இருக்கும் தளத்து ஜன்னலை மட்டும் அளக்கிறார்கள், மேல்மாடிப் படுக்கையறை ஜன்னலை மறந்துவிடுகிறார்கள். புகை மேலேதானே போகும். ஃபேன் வைத்து வெளிக்காற்றை வீட்டுக்குள் இழுக்கும் திறப்பு 10 அடிக்குள் இருந்தால் வாய் அதைவிட 3 அடி உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து குறைந்தது 12 அங்குலம். பொதுமக்கள் நடக்கும் பாதைக்கு மேலே என்றால் 7 அடி. செடி, புதர், பக்கத்துக் கட்டடம் இவற்றுக்கு 2 அடி என்று பெரும்பாலான கையேடுகள் சொல்லும். கேஸ் மீட்டர் இருந்தால் அதற்கு நேர் மேலே வேண்டாம், பக்கவாட்டிலும் 3 அடியாவது விடுங்கள்.

டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மர மேடை) கீழே, மூடிய தாழ்வாரத்துக்குள், காரேஜுக்குள், கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் விடவே கூடாது. "டெக் திறந்துதானே இருக்கிறது" என்பார்கள். டெக் மரம், பெல்லட் ஸ்டவ் எப்போதாவது ஒரு பொறியைத் துப்பும், கோடையில் அடியில் சேர்ந்த காய்ந்த இலை அங்கேயே கிடக்கும். அப்புறம் சொல்லவா வேண்டும்.

இன்னொன்று, காற்று. இங்கே குளிர்காலப் புயல் வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் பார்த்த சுவரில் வாயை வைத்தால் காற்றும் ஃபேனும் மல்லுக்கட்டும். இரண்டு சுவர் சேரும் உள்மூலையும் ஆகாது, புகை அங்கேயே சுழலும். எங்கள் வீட்டில் இதையெல்லாம் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது தெற்குச் சுவரில் ஏறக்குறைய ஐந்தடி அகலம்தான். சோபா இடம் மாறியது.

தரையிலிருந்து 12 அங்குலம் என்றால் பனியில் புதைந்துவிடாதா?

புதையும். அந்த 12 அங்குலம் நாடு முழுவதற்கும் போட்ட குறைந்தபட்ச அளவு. 2014-15 குளிர்காலத்தில் பாஸ்டனில் மொத்தம் நூறு அங்குலத்தைத் தாண்டிப் பனி விழுந்தது. கூரையிலிருந்து சரிவது, காற்று குவிப்பது, நாமே பாதையைச் சுத்தம் செய்து அள்ளி எறிவது எல்லாம் சேர்ந்தால் சுவரோரம் நாலடி ஏறுவது சாதாரணம். உங்கள் ஊரில் வழக்கமாகச் சேரும் பனி உயரத்துக்கு மேலே வாய் வர வேண்டும்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2005 ஜனவரியில் இந்த மாநிலத்தில் பிளிமத் ஊரில், வெளிச்சுவர் வழியாகப் போன ஹீட்டர் குழாய் பனியில் அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறைந்து ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். அது பெல்லட் ஸ்டவ் இல்லை, ஆனால் சுவரில் வாய், அதை மூடிய பனி, இரண்டும் அதேதான். அவள் பெயரில் வந்த நிக்கோல் சட்டம் 2006 மார்ச் 31 முதல் மாசசூசெட்ஸ் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது. சுவர் வழியாக விடும் கேஸ் குழாய்களுக்கு மேலே, "கீழே கேஸ் வென்ட், எதுவும் மறைக்கக் கூடாது" என்று பலகை வைக்கும் விதியும் இங்கே உண்டு. பெல்லட்டுக்கு அந்த விதி கிடையாது, நான் என் குழாய்க்கு மேலே ஒன்று எழுதி மாட்டியிருக்கிறேன், பனி அள்ள வரும் பையனுக்காக.

சுவரில் எவ்வளவு பெரிய ஓட்டை?

3 அங்குலக் குழாய்க்கு 3 அங்குல ஓட்டை என்று நினைத்தால் அதுதான் தீப்பிடிக்கும் வழி. சுவரைத் தாண்டும் இடத்தில் திம்பிள் என்ற உலோகக் கூடு வர வேண்டும், குழாய் அதன் நடுவே போகும், சுற்றிலும் இடைவெளி இருக்கும். ஓட்டை குழாயைப் போல குறைந்தது இரண்டு மடங்காவது இருக்கும். சரியான அளவு திம்பிள் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

இங்கத்திய வீடுகளில் சுவருக்குள் மரச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று என்று நிற்கும். ஓட்டை இரண்டு சட்டத்துக்கு நடுவில் வருவது போல ஸ்டவ்வைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், சட்டத்தை வெட்டாதீர்கள். முதலில் உள்பக்க டிரைவால் பலகையில் கை நுழையும் அளவு மட்டும் வெட்டி, உள்ளே ஒயரோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பாருங்கள். நான் இதைச் செய்யாமல் நேராக வெட்டியிருந்தால் சமையலறைக்குப் போகும் ஒயர் போயிருக்கும்.

திம்பிளுக்குள் இருக்கும் காற்று இடைவெளியில் பஞ்சு இன்சுலேஷனை அடைக்காதீர்கள். குளிர்காற்று வருகிறதே என்று அடைப்பவர்கள் உண்டு. அந்த இடைவெளிதான் மரத்துக்குச் சூடு போகாமல் காக்கிறது. வெளியே வினைல் சைடிங் (சுவர்மேல் போடும் பிளாஸ்டிக் பலகை) என்றால், அது சூட்டில் நெளியும், திம்பிள் தகட்டைச் சுற்றி அதை வெட்டிப் பின்னுக்குத் தள்ளி, தகட்டின் மேலும் பக்கமும் வெளிப்புறச் சிலிக்கான் பூசி மழைத் தண்ணீரை நிறுத்துங்கள்.

மூட்டுகளை எதைக் கொண்டு அடைப்பது? கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சில குழாய்களில் உள்ளேயே கேஸ்கெட் (கசிவை அடைக்கும் வளையம்) இருக்கும், முறுக்கிப் பூட்டினால் போதும். இல்லாதவற்றுக்கு அதிகச் சூடு தாங்கும் சிலிக்கான். சாதாரணக் குளியலறைச் சிலிக்கான் உருகிப் போகும். ஸ்டவ்வின் பின்புற வாயும் முதல் துண்டும் சேரும் இடம்தான் அதிகம் கசியும், அங்கே தாராளமாகப் பூசுங்கள். திருகு போட்டால் குழாயின் வெளிச்சுவரோடு நிற்கும் குட்டித் திருகு. உள்சுவரைத் துளைத்துவிட்டால் நீங்களே ஒரு கசிவை உண்டாக்கியது போல.

கசிவு பார்க்க ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்து, டார்ச்சை மூட்டு மூட்டாக அடித்துப் பாருங்கள். பற்றும்போதுதான் புகை அதிகம், ஒளிக்கற்றையில் நூல் போல் தெரியும். முதல் நாள் பெயின்ட் காயும் வாடை வரும், அது வேறு. ஒரு வாரம் கழித்தும் தீ பற்றும்போது மரப்புகை வாடை வந்தால் எங்கோ கசிகிறது.

வெளிக்காற்றுக் குழாய் தனியாக வேண்டுமா? நம் சமையலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. எரிவதற்கான காற்றை ஸ்டவ் கூடத்திலிருந்து எடுக்கலாம், அல்லது சுவர் வழியாக இன்னொரு சின்ன உலோகக் குழாய் போட்டு வெளியிலிருந்து எடுக்கலாம். ட்ரெயிலர் மாதிரி மொபைல் வீடுகளில் இரண்டாவது கட்டாயம். மற்ற வீடுகளில் இஷ்டம் என்பார்கள்.

நம் வீட்டில் மீன் வறுக்கும்போதோ வற்றல் குழம்புக்குத் தாளிக்கும்போதோ அடுப்புக்கு மேலிருக்கும் ஹூட் ஃபேனை முழு வேகத்தில் போடுவோம், இல்லாவிட்டால் கோட்டு, சோபா எல்லாம் வாடை அடிக்கும். பெரிய ஹூட்கள் நிமிஷத்துக்கு 600 கன அடி, அதற்கு மேலும் காற்றை வெளியே தள்ளும். அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் எல்லாம் இறுக மூடிய, புதிதாக இன்சுலேஷன் செய்த வீட்டில் அது எளிதாகக் கிடைக்கும் வழியில் வரும், பெல்லட் ஸ்டவ்வும் ஒரு வழி. தீ மந்தமாகி, ஃபேன் திணறி, புகை உள்ளே திரும்பும். 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹூட் போட்டால் மாற்றுக் காற்றுக்கு வழி செய்ய வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் கட்டட விதியே சொல்கிறது, யார் செய்கிறார்கள்?

சோதித்துப் பார்க்க ஊதுபத்தி போதும். ஸ்டவ் அணைந்து ஆறியிருக்கும்போது ஹூட், குளியலறை ஃபேன், டிரையர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து, ஊதுபத்தியை இடுக்கில் பிடியுங்கள். புகை வீட்டுக்குள் வேகமாகப் பாய்ந்தால் உங்களுக்கு வெளிக்காற்றுக் குழாய் வேண்டும். அதன் வாயை எலி நுழையாத வலையோடு, புகைக்குழாய் வாயிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் விட்ட புகையையே திரும்ப இழுக்கும்.

அலாரம் எங்கே வைக்க வேண்டும்?

மாசசூசெட்ஸில் ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு படுக்கையறைக் கதவிலிருந்தும் 10 அடிக்குள். பேட்டரி உள்ளதாகப் பாருங்கள், கரண்ட் போகும்போதுதானே வேலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று காய்ச்சல் மாதிரி வரும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காப்பி போடாமல் முதலில் வெளியே போங்கள், வெளியே நின்று 911 கூப்பிடுங்கள்.

பர்மிட் எடுக்காமல் போட்டுவிடலாமா? யாருக்குத் தெரியப் போகிறது?

தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியும். டவுன் ஹாலில் பர்மிட் எடுப்பது பெரிய வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் வந்து அரை மணி நேரம் பார்ப்பார், அவர் பார்ப்பது உங்களுக்கு இலவசமாக இரண்டாவது ஜோடிக் கண். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டு வையுங்கள். வீடு விற்கும்போதும் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே செங்கல் சிம்னி இருக்கிறது. அதில் விட்டுவிடலாமே?

விடலாம், உள்ளே மேலே வரை எஃகு லைனர் (உள்குழாய்) இறக்கி. எண்ணெய் பாய்லர் பயன்படுத்தும் அதே புகைவழியில் சேர்க்கக் கூடாது. லைனர் செலவைக் கேட்டபிறகு சுவர் வழியே மேல் என்று தோன்றலாம்.

வேக்குவம் ஸ்விட்ச் தகராறு செய்கிறது, ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் ஓடுகிறது. பரவாயில்லையா?

கூடவே கூடாது. குழாய் அடைத்தாலோ கதவு சரியாக மூடாவிட்டாலோ ஆகரை நிறுத்துவதற்குத்தான் அந்த ஸ்விட்ச். அது தகராறு செய்கிறது என்றால் பெரும்பாலும் குழாயில் சாம்பல், அல்லது வாயில் பனி, அல்லது ஸ்விட்சுக்குப் போகும் ரப்பர்க் குழாயில் அடைப்பு. அதைப் பாருங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும்?

பெல்லட் 40 பவுண்டு மூட்டையில் வரும், 50 மூட்டை ஒரு டன். டன்னுக்கு ஒரு முறை டீயைத் திறந்து பாருங்கள். நல்ல பெல்லட்டில் சாம்பல் 1 சதவீதத்துக்குள், மூட்டையில் பிரீமியம் என்று போட்டிருக்கும். மலிவுச் சரக்கு வாங்கினால் குழாயில் தெரியும். விறகு ஸ்டவ் போல் தார் அதிகம் படியாது, மாவு போன்ற மெல்லிய சாம்பல்தான், ஆனால் அது படுக்கைக் குழாயிலும் எல்போவிலும் தங்கிவிடும். பிரஷ் விட்டுத் தள்ளலாம். இங்கே நிறையப் பேர் இலை ஊதும் மெஷினின் உறிஞ்சும் பக்கத்தை வெளி வாயில் பொருத்தி இழுப்பார்கள், அருமையாக வேலை செய்யும், அக்கம்பக்கத்தில் துணி காயப் போட்டிருந்தால் மட்டும் செய்யாதீர்கள். ஸ்டவ் ஒரு நாள் முழுக்க ஆறிய பிறகுதான்; சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே. வருஷத்துக்கு ஒரு முறை சான்றிதழ் உள்ள சிம்னிக்காரரைக் கூப்பிடுவது தனி.

வெளிச்சுவர் கறுத்துப்போகிறது. குழாயைத்தான் குறை சொல்ல வேண்டுமா?

பாதி குழாய், பாதி தீ. வாய் சுவரை ஒட்டி இருந்தால் கறுக்கும். கையேடு சொல்லும் தூரம் வெளியே நீட்டுங்கள். தீ மஞ்சளாகத் துள்ளி எரியாமல் ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை: கிண்ணத்து ஓட்டைகள் அடைத்திருக்கும், கதவு ஓரத்தில் கசிவை அடைக்கும் கயிறு தேய்ந்திருக்கும்.

கரண்ட் போனால் ஊரில் மாதிரி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஓடும்போது பெரும்பாலான ஸ்டவ் நூறு வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும், பற்றவைக்கும்போது மட்டும் முந்நூறு நானூறு கூடும். சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருக்கட்டும், மலிவானதில் மோட்டார் உறுமும், போர்டும் கெடலாம். ராத்திரி முழுவதும் ஓட்ட முடியாவிட்டாலும், புகையை வெளியே தள்ளி முறையாக அணைய அரை மணி நேரம் கிடைத்தாலே எனக்குப் போதும். ஜெனரேட்டர் என்றால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வையுங்கள், காரேஜில் வைத்து ஓட்டாதீர்கள்.

நாங்கள் டொரோன்டோவில் இருக்கிறோம். இதே கணக்குத்தானா?

தத்துவம் அதே, எண்கள் வேறு. அங்கே சி.எஸ்.ஏ. பி365 என்ற விதி, குழாயிலும் கனடா முத்திரை வேண்டும். இன்சூரன்ஸ்காரர் பெரும்பாலும் வெட் (WETT, விறகு வகை அடுப்புகளைப் போடுபவர், சோதிப்பவர்களுக்கான சான்றிதழ்) உள்ளவரின் அறிக்கை கேட்பார், அவரை வேலைக்கு முன்பே ஒரு முறை கூப்பிட்டுச் சுவரைக் காட்டிவிடுங்கள்.

கோடையில் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஏப்ரலில் கடைசியாக அணைத்ததும் சுத்தம் செய்துவிடுங்கள், அக்டோபருக்குத் தள்ளிப்போடாதீர்கள். சாம்பல் கோடை ஈரத்தை இழுத்துக் களிம்பாகி எஃகை அரிக்கும். அப்புறம், வெளி வாயில் குளவியும் குருவியும் குடியேறும். ஒரு வருஷம் அக்டோபரில் பற்றவைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன், எல்போ வரைக்கும் வைக்கோல். ஒரு மணி நேரம் ஆனது எடுக்க. நல்லவேளை குஞ்சு ஒன்றும் இல்லை.